இருளப்பனை அறுத்தவள்

தேன்மடை எஸ்டேட்டில் மருந்தடித்துச் செத்த ஏழு பேரும் தேயிலைக் கொசுக்களாகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்கிற செய்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏறி வந்தபோது, சுகிர்தா அவர்களில் ஒருவனை ஏற்கெனவே அறுத்து முடித்திருந்தாள்.

அறுப்பதுதான் அவள் வேலை. நாகர்கோவிலில் பிறந்து, பூச்சியியலில் டாக்டர் பட்டம் வரை படித்து, கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது நிலைக்காமல் போய், இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். தேயிலைக் கொசு என்பது பேரில்தான் கொசு. உண்மையில் அது நாவாய்ப்பூச்சிக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒல்லியான உடம்பு, உடம்பைவிட நீளமான மீசை, கொழுந்தில் குத்திச் சாறு உறிஞ்சுகிற ஊசி மூக்கு, முதுகின் நடுவில் யாரோ குண்டூசியைக் குத்திவைத்த மாதிரி தலை பருத்து நிமிர்ந்து நிற்கிற ஒரு முள். அதிலேயே ஒன்றைப்போல் ஒன்று அச்சாக இருக்கிற பல இனங்கள் உண்டு. நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, வெயிலுக்கும் மழைக்கும் நிறம் மாறும். முள்ளின் வளைவை வைத்தும் முழுதாகச் சொல்ல முடியாது. ஆண் பூச்சியைப் பிடித்துச் சாராயத்தில் போட்டு, வயிற்றின் நுனியை வெட்டியெடுத்து, காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையெல்லாம் கரைந்தபின், மிஞ்சுகிற கூட்டுக்குள் மயிரிழை அகலத்தில் ஒரு தகடு இருக்கும், அதில் சீப்பின் பல் மாதிரி பற்கள் இருக்கும், அந்தப் பல்வரிசையைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் இது இன்ன இனம் என்று அடித்துச் சொல்லலாம். உயிரோடு இருக்கிற பூச்சி அவளுக்கு ஒரு பதிலும் சொன்னதில்லை.

அந்த ஏழு பேரும் செத்தது மழைக்கு முந்திய மூடுபனிக் காலத்தில். கொசு அதிகமாகிவிட்டது, மருந்தை இரட்டிப்பாகக் கலந்து அடியுங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள், முகமூடி வருகிறது என்றும் சொன்னார்கள், மருந்து வந்தது, முகமூடி வரவில்லை. பனி மேலிருந்து அமுக்க, காற்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப, அடித்த மருந்தெல்லாம் அடித்தவர்கள் மேலேயே வந்து இறங்கியது. ஒருவன் முதுகில் டேங்கைச் சுமந்தபடியே செடிமேல் சாய்ந்து, கொழுந்து பறிக்க வந்தவள் தொட்டு எழுப்புகிறவரை அப்படியே நின்றிருந்தான். மற்றவர்கள் வாயில் நுரை தள்ளி, கண்மணி கடுகாகச் சுருங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். எல்லாருக்கும் நெஞ்சுவலி என்று சொல்லி அனுப்பினார்கள்.

"ஏழு பேருக்கும் ஒண்ணுபோலயா நெஞ்சு வலிக்கும்?" என்று செத்தவர்களின் வீட்டார் கேட்டதற்கு, "மலைக்குளிர் அப்படி" என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது.

மழை நின்று புதுக்கொழுந்து விட்டபோது அவர்கள் வந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளின் வரிசையில், அவனவன் வீட்டு வாசலுக்கு நேராக வந்து, நிலைப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனார்கள். இருளப்பனின் பெண்டாட்டி தவமணி அப்போது தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் விளிம்பில் வந்து உட்கார்ந்த பூச்சியைப் பார்த்து, முதுகு முள்ளையும் மீசையையும் பார்த்து, அது இடதுபக்கம் சாய்ந்து நடப்பதையும் பார்த்துவிட்டு, "வாறதுக்கு இவ்வளவு நாளாய்யா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் யாரோ யாரையோ ஏசுகிற சத்தம் கேட்டது. மறுநாள் காலை குழாயடியில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உன் வீட்டுக்கும் வந்தாச்சா என்று கேட்டார்கள். குடத்தை நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அதன்பின் தேன்மடையில் சில பழக்கங்கள் உண்டாயின. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் ஒரு கொழுந்துக் கொத்தை நிறுத்தி ஜன்னலில் வைப்பது, சாயங்காலம் சாம்பிராணி போடாமல் இருப்பது, கையில் எது வந்து உட்கார்ந்தாலும் அடிக்காமல் முதலில் முதுகைப் பார்ப்பது. மாரியம்மன் கோயில் பூசாரி, ஆள் வீடு திரும்பிவிட்டதால் திவசம் கொடுக்கத் தேவையில்லை என்றார். உபதேசியார், ஆத்துமா வேறு பூச்சி வேறு, ஆனாலும் விருந்தாளியைத் துரத்துவது கிறிஸ்தவனுக்கு அழகல்ல என்று சொல்லி முடித்துக்கொண்டார். யூனியன்காரர் கூட்டத்தில் ஏழு பேருக்கும் இடம் விட்டு உட்காரச் சொன்னார். மளிகைக் கடைக்காரர் கொசுவர்த்திச் சுருளைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்.

எல்லா வீட்டுக் கதவும் திறந்தது என்று சொல்ல முடியாது. அருளாயி தன் ஜன்னலைச் சாத்தி, சந்துகளில் துணி திணித்தாள். உயிரோடு இருந்த காலத்தில் குடித்துவிட்டு வந்து அவளைச் சுவரோடு வைத்து அடித்தவன் அவள் புருஷன். பூச்சி வந்து கண்ணாடியில் முட்டியது. அது முட்டுகிற சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, அவளுக்குக் கேட்டது. "அங்கயே கெட" என்றாள். மூன்றாவது வரிசையில் குடியிருந்தவனின் பெண்டாட்டி, அவன் செத்ததும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டாள். பூட்டின வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த அவனை அடுத்த வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். அவன் அவர்கள் வீட்டு டம்ளரில் ஏறாமல் கதவுமூலையிலேயே உட்கார்ந்திருந்தான், உயிரோடு இருந்தபோதும் கூச்ச சுபாவம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

பகலில் அவர்கள் தேயிலைக் காட்டுக்குப் போவார்கள், சாயங்காலம் வருவார்கள். அப்படிப் போன இருளப்பன் ஒரு சாயங்காலம் வரவில்லை. அடுத்த சாயங்காலமும் வரவில்லை. தவமணி ஜன்னலில் கொழுந்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, காட்டில் விசாரித்தாள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜீப்பில் ஒரு மேடம் வந்து வலையால் பூச்சி பிடித்துக்கொண்டு போனதாக யாரோ சொன்னார்கள்.

அவள் பஸ் ஏறி வந்தாள். நிலையத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றவளை சுகிர்தாதான் உள்ளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, யாரைப் பாக்கணும்?"

"எங்க வீட்டுக்காரரை, மேடம்."

"இங்க வேலை பாக்குறாரா?"

"இல்ல மேடம். தேன்மடையில மருந்தடிச்சாரு. இருளப்பன்னு பேரு. செவ்வாக்கிழமை நீங்க வலை போட்டுப் பிடிச்சீங்களாமே, அதுல வந்துட்டாரோன்னு."

சுகிர்தா சிரிக்கவில்லை. அவள் அறையில் சாராயம் நிறைந்த குப்பிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் எஸ்டேட் பேர் எழுதிய சீட்டு. தேன்மடை என்று எழுதிய குப்பியை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தவமணி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கினாள். உள்ளே கால் மடங்கிக் கிடந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அடையாளம் தெரியுதாக்கா?"

"எதைப் பாத்தாலும் அவரு மாதிரிதான் இருக்கு. எதைப் பாத்தாலும் அவரு இல்லாத மாதிரியும் இருக்கு." அவள் குப்பியை மேஜையில் வைத்தாள். "நடந்து வந்தா கண்டுபிடிச்சிருவேன். எடது கால் கொஞ்சம் இழுக்கும். இப்படிக் கெடந்தா நான் எப்படிச் சொல்ல?"

"வேற ஏதாவது அடையாளம் உண்டா? உடம்புல?"

"முன்பல்லு ஒண்ணு கெடையாது. பம்ப்போட கைப்பிடி திரும்பி அடிச்சு விழுந்துட்டு."

சுகிர்தா கண்ணாடிச் சில்லுகள் வைத்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு முன் தேன்மடைச் சேகரத்தில் ஓர் ஆணை அறுத்திருந்தாள். காரத்தில் ஊறிய வயிற்று நுனியிலிருந்து பீடிப்புகை வாசம் வந்ததை, ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே யாரோ பிடிக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டாள். தகட்டின் பல்வரிசை அந்த மலையில் எங்கும் கிடைக்கிற இனத்தின் வரிசைதான், ஆனால் முன்னால் ஒரு பல் இல்லை. அறுக்கும்போது உடைந்திருக்கும் என்று எண்ணி ஊசிமுனையால் சுற்றித் தேடியும் உடைந்த துண்டு அகப்படவில்லை.

அவள் பெட்டியிலிருந்து அந்தச் சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்கக்கா" என்றாள். தவமணிக்கு முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. பொன் நிறத்தில் ஒரு வளைவு, அதில் வரிசையாகப் பற்கள், முன்னால் ஒரு சந்து.

"ஆமா" என்றாள். கண்ணை எடுக்காமலே, "இந்த மனுசன் சிரிக்கிறப்ப வாயப் பொத்திக்குவாரு, இந்தச் சந்து தெரியக் கூடாதுன்னு. நீங்க தொறந்து வச்சிருக்கீங்க" என்றாள்.

சுகிர்தா சுவரோடு போய் நின்றுகொண்டாள்.

"உசுரோட இருக்கையிலயா வெட்டினீங்க?"

"இல்லக்கா. சாராயத்துல போட்டதும் போயிரும். கொஞ்ச நேரந்தான்."

"வலிச்சிருக்குமா?"

சுகிர்தாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, படிக்கிற காலத்திலும் கேட்டதில்லை. "தெரியல" என்றாள்.

"சாராயம் தொட மாட்டாரு" என்றாள் தவமணி. பிறகு முந்தானையால் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்தாள், தன் கண்ணீர் அதில் பட்டுவிட்டது என்பதால். சுகிர்தா சில்லைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, போகிறபோது தவமணி திட்டவும் இல்லை, சபிக்கவும் இல்லை. "சாப்பிட்டீங்களா மேடம்?" என்றுதான் கேட்டாள். அதைத் தாங்க முடியாமல் சுகிர்தா அன்று குப்பிகளையெல்லாம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

இதற்குள் காட்டில் நிலைமை மோசமாகியிருந்தது. ஏழு பேர் மட்டும் வந்திருந்தால் ஒரு செடிகூட வாடியிருக்காது. அவர்களோடு அவர்களைப் போலவே இருக்கிற ஆயிரமாயிரம் சாதாரணக் கொசுக்களும் வந்திருந்தன. கொழுந்தெல்லாம் பழுப்புப் பொட்டு விழுந்து, சுருண்டு, தீயில் வாட்டினது மாதிரி கருகிப்போனது. மருந்தடிக்க உள்ளூரில் ஒருவனும் டேங்கைத் தோளில் ஏற்றவில்லை. "மாமன் மேலயா அடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு நின்றார்கள். மேனேஜர் பெள்ளியப்பா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் செய்து, வந்து பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கள் என்று சுகிர்தாவைக் கூப்பிட்டார்.

அவர் கெட்டவர் அல்ல. குடகிலிருந்து வந்து, இந்த மலையிலேயே தலை நரைத்துப்போனவர். ஏழு பேரின் சாவுக்கும் போய் மாலை போட்டவர், மருந்தை இரட்டிப்பாகக் கலக்கச் சொல்லி மேலிருந்து வந்த வார்த்தையைக் கீழே கடத்தியவரும் அவர்தான். ஆபீஸ் வராந்தாவில் லைன் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். உள்ளே நாற்காலியில் சுகிர்தா.

"அவங்க சொல்றத நான் இல்லைன்னு சொல்லல, டாக்டர்" என்றார் பெள்ளியப்பா. "சாயங்காலமா என் பங்களாவுலயும் ஒண்ணு வந்து உக்காருது. அது யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் கேக்குறது ஒரே கேள்விதான். காட்டுல இருக்கிற கொசுவும் இவங்களும் ஒரே இனமா, வேற வேறயா? வேறன்னா, இது பயிரைத் தின்னாத பூச்சி, அடிக்க வேண்டாம்னு நான் மேல சொல்லிப் பாப்பேன்."

சுகிர்தாவுக்கு உண்மை தெரியும். பல்வரிசை ஒன்றுதான். இருளப்பனுக்கு ஒரு பல் இல்லை, இன்னொருவனுக்கு வேறொன்று இருக்கலாம், அது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம், இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசம் அல்ல. செத்தவர்கள் சாதாரணக் கொசுவாகவே வந்திருந்தார்கள். மற்றதைப் போலவே கொழுந்தைக் குத்தினார்கள், மற்றதைப் போலவே காட்டைக் கருக்கினார்கள். அவள் வராந்தாவைப் பார்த்தாள். தவமணி தூணருகே நின்றிருந்தாள், ஒரு கை ரவிக்கைமேல் இருந்தது.

"வேற" என்றாள் சுகிர்தா. தன் படிப்பில் அவள் சொன்ன முதல் பொய் அது.

வராந்தாவில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பெள்ளியப்பா முன்னால் குனிந்தார். "நல்லது. எப்படி வேற? நம்ம ஆளுங்களை விட்டுப் பொறுக்கச் சொல்லிரலாமே. என்ன அடையாளம்?"

"வயித்துக்குள்ள ஒரு தகடு இருக்கு. அதுல பல்வரிசை மாறும்."

"வெளிய தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எப்படிப் பாக்குறது?"

"அறுத்துத்தான்."

பெள்ளியப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அறுத்துத்தான் கண்டுபிடிக்கணும்னா, யாரை நான் விடுறது டாக்டர்?" என்றார். மழை பெய்யாதபோதும் தகரத்தில் சொட்டுகிற பனியின் சத்தம் கேட்டது. கடைசியில் அவர் எழுந்து வராந்தாவுக்கு வந்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்னால தள்ள முடியும். அதுக்குள்ள அவங்கவங்க ஆளை அவங்கவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. திங்கக்கிழமை வெளியூர் ஆளுங்க வந்து அடிப்பாங்க. கதவு ஜன்னலைச் சாத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படித்தான் தேன்மடை ஆட்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். கொசு பெருகினபின், சாயங்காலம் வருவது எது, காட்டில் தங்கிவிட்டது எது, அதில் அவங்கவங்க ஆள் எது என்று யாருக்கும் தெரியாததால் ஒன்றையும் விட முடியவில்லை. கொசுவலையைக் கிழித்து வலை தைத்தார்கள், டிபன் டப்பாவும் பிளாஸ்க்கும் பவுடர் டப்பாவும் வேளாங்கண்ணித் தீர்த்த பாட்டிலும் எடுத்து வந்தார்கள், சேலையைச் செடிமேல் போர்த்தி நுனியிலிருந்து மெல்லச் சுருட்டினார்கள், கொழுந்து பறிக்கிற விரல்களால் ஒவ்வொரு பூச்சியையும் காலொடியாமல் எடுத்தார்கள், எடுத்த ஒவ்வொன்றிடமும், நீங்கதானா, நீங்களா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, வந்து சேருங்க என்று சொன்னார்கள், பாத்தி பாத்தியாக, சரிவு சரிவாக, ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கிழவர்களும் சின்னப்பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும், பனி எழும்பின நேரத்திலும் பனி இறங்கின நேரத்திலும் எடுத்தபடியே இருந்தார்கள். கொன்று சேகரிக்கவே பழகின சுகிர்தாவும் தன் உறிஞ்சு குழாயோடு வந்து அவர்களோடு குனிந்தாள். வாயால் மூச்சை இழுத்தால் பூச்சி கண்ணாடிக் குழாய்க்குள் வந்து விழும். முதல் முறையாக அதைச் சாராயத்தில் கொட்டாமல் ஒரு மண்பானையில் விட்டாள்.

தவமணியும் எடுத்தாள். "உங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்த சுகிர்தாவை நிறுத்தி, "அவரு எங்கிட்ட இருக்காரு மேடம். மத்தவளுகளுக்கு இன்னும் தெரியாதுல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் மலையில் ஒரு தேயிலைக் கொசுவும் இல்லை. எல்லாம் லைன் வீடுகளுக்குள் இருந்தது. அருளாயி கடைசியாகத் தன் ஜன்னலில் திணித்திருந்த துணியைப் பிடுங்கினாள். "உன்னைய மட்டும் வெளியில விட வழியில்லாமப் போச்சே" என்று ஏசிக்கொண்டே பெரிய அண்டா நிறையக் கொண்டுவந்ததைத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை லாரியில் வந்தவர்கள் ஜார்க்கண்ட் பக்கத்துப் பையன்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் பாஷை புரிந்திருக்காது. டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, ஒரு பூச்சிகூட இல்லாத காட்டில் நாள் முழுக்க மருந்தடித்தார்கள். மருந்து புகையாய் எழுந்து லைன் வீடுகளின் மேல் கவிந்தது. உள்ளே, ஈரத்துணியால் அடைத்த கதவுகளுக்குப் பின்னால், காலண்டரிலும் சாமிப் படத்திலும் அரிசி மூட்டையிலும் தொட்டில் கயிற்றிலும் பூச்சிகள் கறுப்பாய் அப்பியிருந்தன. டம்ளரில் வைத்திருந்த கொழுந்து முதல் நாளே கருகிப்போனது. வெளியே போய்ப் புதுக்கொழுந்து பறிக்க முடியாது, பறித்தால் அதில் விஷம்.

பசித்த பூச்சிகள் வீட்டில் இளசாக எது இருக்கிறது என்று தேடின. முதலில் குழந்தைகளைக் குத்தின. தாய்மார்கள் குழந்தைகளைப் போர்வைக்குள் மூடிவிட்டு, தங்கள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குத்திய இடத்தில் பழுப்புப் பொட்டு விழுந்தது, பொட்டின் விளிம்பு கறுத்தது, கொழுந்தில் விழுகிற அதே பொட்டு. யாரும் கையை உதறவில்லை. உதறினால் விழுகிறது யாரென்று தெரியாதே. தவமணி வீட்டில் அகப்பட்டுக்கொண்ட சுகிர்தா, தன் கையில் வந்து உட்கார்ந்து மூக்கை இறக்கிய பூச்சியின் முதுகுமுள் மூச்சுக்கு மூச்சு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் உயிரோடு இருக்கிற ஒன்றை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை.

மழை வந்து மருந்தைக் கழுவின பிறகு கதவுகளைத் திறந்தார்கள். பாதிப் பூச்சிகள் வெளியே பறந்துபோயின. பாதி தரையில் உதிர்ந்து கிடந்தது. பெண்கள் கைகள் கருகி, விரல் நுனிகள் சுருண்டு, கொழுந்து பறிக்கக்கூட முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அருளாயி எழுந்திருக்கவே இல்லை. கழுத்துவரை பொட்டு விழுந்து, வாடிய தளிர்போல் சுருங்கி, சுவரோரம் சாய்ந்தபடி செத்திருந்தாள். அவளுக்கும் நெஞ்சுவலி என்றார்கள். செத்த பூச்சிகளைத் துடைப்பத்தால் கூட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. முறத்தில் கையால் அள்ளினார்கள். அருளாயிக்கு வெட்டின குழியில், அவள் காலடியில் வேண்டாம், தலைமாட்டிலும் வேண்டாம், தள்ளி ஒரு ஓரமாகப் போடுங்கள் என்று அவள் குணம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஓரத்தில் எல்லாவற்றையும் கொட்டி, தவமணி தன் தீப்பெட்டியையும் அதன்மேல் வைத்து மண் தள்ளினாள். அதற்குப்பின் அந்த ஏழு பேரில் ஒருவரும் வீடு தேடி வரவில்லை.

சுகிர்தா ஆராய்ச்சி நிலையத்தில், தான் தேன்மடையில் சொன்னது பொய் என்று சொல்லி, இருந்த பொறுப்பை விட்டுவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஊருக்குப் போயிருப்பார்கள். அவள் லைன் வீட்டுக்கு வந்து, கை முடங்கின பெண்களுக்கு எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டு தவமணியோடு தங்கினாள். தவமணி அவளை மேடம் என்று கூப்பிடுவது அங்கேதான் நின்றது.

வெளியூர்ப் பையன்களில் மங்ரா என்று ஒருவன் இருந்தான். மருந்தடித்த அந்த வாரமே தகரக் கொட்டகையில் வாந்தியெடுத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பைப் பெட்டியில் வைத்து ரயிலேற்றி அனுப்பினார்கள், கூட வந்தவர்களும் பயந்து அதே ரயிலில் போய்விட்டார்கள். கொட்டகை காலியாகக் கிடந்தது.

அடுத்த தளிர் விட்டபோது, பொழுது சாயும் நேரத்தில், ஒரு தேயிலைக் கொசு லைன் பக்கம் வந்தது. முதல் வீட்டு நிலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தது. இரண்டாவது வீட்டுக்குப் போயிற்று. எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. கடைசி வரைக்கும் போய்விட்டு, திரும்பிப் பறந்து, காலியான தகரக் கொட்டகைக்குள் போயிற்று. தவமணியும் சுகிர்தாவும் பின்னாலேயே போனார்கள். அது உள்ளே கொடிக்கயிற்றில், எவனோ விட்டுப்போன பனியன்மேல் உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பையன்தானே?" என்றாள் தவமணி.

"தெரியலக்கா. வெறும் பூச்சியாவும் இருக்கலாம்."

"இருக்கட்டுமே." தவமணி அதனிடம், "வாய்யா, எங்க வீட்டுக்கு வா" என்றாள். அது அசையவில்லை. "பாஷை தெரியல பாவம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "ஏம்மா சுகிர்தா, இது இவன் ஊருக்குப் பறந்து போயிராதா? அங்கயும் ஒருத்தி டம்ளர்ல ஏதாச்சும் வச்சுக் காத்துக்கிட்டிருப்பாளே."

சுகிர்தாவுக்கு அந்தச் சிறகின் நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும், அதை அசைக்கிற தசையின் பருமனும் தெரியும். "போகாதுக்கா. ஒரு காட்டுலருந்து அடுத்த காடு வரைக்குந்தான். அதுக்கு மேல இதால பறக்க முடியாது" என்றாள்.

தவமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவள் கையில் குத்துவதற்கு இனி இடமில்லை, தோளிலிருந்து விரல் வரைக்கும் காய்ந்துபோயிருந்தது. சுகிர்தா தன் ரவிக்கைக் கையைச் சுருட்டி, பொட்டு விழாத இடமாகப் பார்த்து, கையைக் கொடிக்கயிற்றுப் பக்கம் நீட்டினாள். பூச்சி மீசையை நீட்டி அந்தக் கையை முகர்ந்தது. வெகுநேரம் தயங்கியது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து ஏறிவந்து, முழங்கைக்குக் கீழே நின்று, மூக்கை இறக்கியது.